உட்காதுச் சமநிலைப் பரிசோதனை: தாளில் ‘நோர்மல்’ என்று இருந்தால்?

தலைச்சுற்று என்று போகிறவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளில் காதுக்குள் தண்ணீர் விட்டு ஒரு பரிசோதனை செய்கிறார்கள். வெளிச்சம் புகாத கண்ணாடி ஒன்றை முகத்தில் மாட்டிவிட்டு, வெதுவெதுப்பான நீரையும் அதைவிடக் குளிர்ந்த நீரையும் மாறி மாறி ஒவ்வொரு காதிலும் விடுவார்கள். அப்போது கண் எப்படி அசைகிறது என்று கமரா பதிவு செய்யும். முடிவில் ஒரு தாள் கிடைக்கும். அதில் கோடுகள் இருக்கும், ஒரு வீதக் கணக்கு இருக்கும், அடியில் நோர்மல் அல்லது நோர்மல் இல்லை என்று ஒரு வரி இருக்கும். வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் கேட்பது அந்த வரியைத்தான்: “என்னவாம்?”

நோர்மல் என்று வந்துவிட்டால் அன்றிலிருந்து நோயாளியின் தலைச்சுற்று ‘மனசுப் பிரச்சினை’ ஆகிவிடும். பெண்ணாக இருந்தால் வேலைக்குச் சோம்பல் என்பார்கள், முதியவராக இருந்தால் கவனம் தேடுகிறார் என்பார்கள். காது, கேள்வி, சமநிலை பார்க்கும் பிரிவுகளில் தொழில்நுட்ப வேலையில் பல வருடம் இருந்தவன் நான். வைத்தியன் அல்ல. ஆனால் அந்தத் தாள் எப்படி உருவாகிறது என்று உள்ளே இருந்து பார்த்தவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மயிலிட்டியில் எனக்குத் தெரிந்த ஒரு சம்மாட்டியார் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். 1990 ஜூனில் அவர்கள் மயிலிட்டியை விட்டு ஓடினார்கள். அதே வருடம் ஒக்டோபர் முடிவில் நாங்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டோம். அவர் முகாமிலும் உறவினர் வளவிலும் காலத்தைக் கழித்தார், நாங்கள் புத்தளத்தில் கழித்தோம். 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சுற்றிய கொஞ்ச நிலமும் 27 வருடத்துக்குப் பிறகு திருப்பிக் கொடுக்கப்பட்டபோது முதல் ஆட்களில் ஒருவராகப் போய் நின்றார். அவருடைய வருத்தம் இதுதான்:

“தம்பி, தலை சுத்தேல்லை. உலகம்தான் துள்ளுது. நடக்கேக்க முன்னால நிக்கிற மரம், போஸ்ட் எல்லாம் குதிக்குது. நான் நிண்டா அதுகளும் நிக்குது. இருட்டுக்குள்ள கால வைச்சா நிலம் எங்க எண்டு தெரியேல்லை. கடலில ஆடுறது எனக்குப் பழக்கம், கரையில ஏன் ஆடுது?”

பின்னேரம் மங்கின பிறகு அவர் கடற்கரை மணலில் நடப்பதைப் பார்த்தவர்கள் குடித்திருக்கிறார் என்றார்கள். அவர் குடியை விட்டு இருபது வருடம். மகன் கொழும்புக்குக் கூட்டிப் போய்ப் பரிசோதித்தார். தாளில் இரு காதுக்கும் வித்தியாசம் 4 வீதம், நோர்மல் என்று எழுதியிருந்தது. மகன் அதோடு விட்டுவிட்டார். ஊர் தன் எண்ணத்தை விடவில்லை.

அந்த 4 வீதம் எப்படி வந்தது என்று விளங்க, காதுக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு உட்காதிலும் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. உள்ளே நீர்மம். தலையைத் திருப்பினால் குழாய் திரும்பும், நீர்மம் ஒரு கணம் பின்தங்கும், அந்தத் தள்ளலை மயிர் போன்ற நுண் உயிரணுக்கள் உணர்ந்து மூளைக்குச் சொல்லும். இவை போக, புவியீர்ப்பையும் நேர்கோட்டு அசைவையும் உணர்கிற பைகள் இரண்டு. அவற்றில் சுண்ணாம்புத் துகள்கள் உண்டு. மூளை இந்தச் செய்தியை வைத்து உடனே செய்யும் வேலை கண்ணைத் தலைக்கு எதிர்த்திசையில் நகர்த்துவது. அதனால்தான் நடந்துகொண்டே கடைப் பலகையை நம்மால் வாசிக்க முடிகிறது. இந்த ஏற்பாடு கெட்டால் ஒவ்வொரு அடிக்கும் உலகம் துள்ளும். சம்மாட்டியார் சொன்ன மரமும் போஸ்டும் இதுதான்.

உட்காது மண்டை ஓட்டின் மிகக் கடினமான எலும்புக்குள் புதைந்து கிடக்கிறது. அதன் வேலையை நேரே பார்க்க வழியில்லை. கண்ணைப் பார்த்துக் காதை ஊகிக்கிறோம். பரிசோதனையின் பலமும் பலவீனமும் இந்த ஒரு விசயத்தில்தான் இருக்கிறது. காதுக்கும் தாளுக்கும் நடுவில் காதுக் குழி, செவிப்பறை, தண்ணீரின் சூடு, மூளையின் விழிப்பு, விழுங்கிய குளிசை, கண், கமரா, அதை இயக்குகிற ஆள் என்று இத்தனை நிற்கின்றன. இவற்றில் எது பிசகினாலும் பழி காதின் மேல் விழும், அல்லது காதின் பழி மறைந்துவிடும்.

தண்ணீர்ப் பரிசோதனையை விளக்கியவர் வியன்னாவில் பிறந்த ரொபர்ட் பாராணி. நோயாளிகளின் காதைக் கழுவும்போது சிலருக்குத் தலை சுற்றிக் கண் துடிப்பதைக் கண்டார். நீர் குளிராக இருந்தால் கண் ஒரு பக்கம் துடித்தது, சூடாக இருந்தால் மறு பக்கம் துடித்தது. குளிக்கிற வெந்நீர்த் தொட்டியில் சூடான நீர் மேலே போய்க் குளிர்ந்தது கீழே இறங்குவதைப் போல உட்காது நீர்மமும் ஓடுகிறது என்று 1906 அளவில் விளக்கினார். இதற்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஆனால் அப்போது போர். இராணுவ வைத்தியராகப் போனவர் ரஷ்யர்களிடம் பிடிபட்டார். அவரை வைத்திருந்த கைதி முகாம் மர்வ் நகரில் இருந்தது. ஹதீஸ் கலை அறிஞர் அப்துல்லாஹ் இப்னு முபாரக் பிறந்த அதே மர்வ்தான். சுவீடன் தலையிட்டு அவரை விடுவித்த பிறகு, 1916இல் போய்ப் பரிசை வாங்கினார். அவருடைய வெந்நீர்த் தொட்டி விளக்கம் முழுமையானதல்ல என்பது பின்னால் தெரிந்தது. 1983இல் விண்வெளியில், எடையே இல்லாத இடத்தில், செய்து பார்த்தபோதும் கண் துடித்தது. விளக்கம் அரைகுறை என்றாலும் பரிசோதனை நிலைத்துவிட்டது.

இப்போது செய்யும் முறைக்கு ஒழுங்கு கொடுத்தவர்கள் ஃபிட்ஸ்ஜெரால்ட், ஹால்பைக் என்ற இருவர், 1942இல். உடல் சூடு 37 பாகை என்று வைத்து, அதற்கு 7 பாகை மேலே 44, 7 பாகை கீழே 30. படுத்திருக்கிறவரின் தலையை 30 பாகை உயர்த்தி, ஒவ்வொரு காதுக்கும் இரண்டு தடவை, மொத்தம் நாலு தடவை. ஒவ்வொன்றுக்கும் இடையில் சில நிமிடம் ஓய்வு விட வேண்டும். கண்ணின் மெதுவான இழுப்பு விநாடிக்கு எத்தனை பாகை என்று அளந்து, வலக் காதின் கூட்டுத்தொகையையும் இடக் காதின் கூட்டுத்தொகையையும் ஒப்பிட்டு வீதம் போடுவார்கள். பெரும்பாலான இடங்களில் 20 அல்லது 25 வீதத்துக்குள் இருந்தால் நோர்மல்.

இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. நல்ல காது உள்ள ஒருவருக்கு வலப்பக்கம் 23, 19. இடப்பக்கம் 21, 18 என்று வருகிறது என்று வையுங்கள். கூட்டுத்தொகை 42, 39. வித்தியாசம் 3, மொத்தம் 81. ஏறக்குறைய 4 வீதம். இனி இன்னொருவருக்கு வலப்பக்கம் 2.2, 1.8, இடப்பக்கம் 2.0, 1.7 என்று வருகிறது. கூட்டுத்தொகை 4.0, 3.7. வித்தியாசம் 0.3, மொத்தம் 7.7. இதுவும் ஏறக்குறைய 4 வீதம்தான். முதலாமவரின் காதுகள் இரண்டும் வேலை செய்கின்றன. இரண்டாமவரின் காதுகள் இரண்டும் ஏறத்தாழச் செத்துவிட்டன. வீதத்தை மட்டும் வாசித்தால் இரண்டு பேரும் ஒன்று. சர்வதேச அளவில் இத்துறை வல்லுநர்கள் சேர்ந்த பாராணி சங்கம் 2017இல் வகுத்த அளவுகோலின்படி, ஒவ்வொரு காதிலும் சூடு குளிர் இரண்டும் கூட்டி விநாடிக்கு 6 பாகைக்குக் குறைந்தால் அது இருபக்க இழப்பின் அடையாளம்.

சம்மாட்டியாரின் தாளை வாங்கிப் பார்த்தபோது வீதத்துக்கு மேலே சிறு எழுத்தில் இருந்த எண்கள் எல்லாம் இரண்டாமவரின் எண்களைப் போலவே இருந்தன.

ஆனாலும் “உங்கட இரண்டு காதும் போச்சு” என்று சொல்லிவிட முடியாது. அவ்வளவு தாழ்ந்த எண்கள் காது கெட்டதால்தான் வரவேண்டும் என்றில்லை. அன்றைக்கு என்ன நடந்தது என்று மகனிடம் கேட்டேன். இரவு பஸ்ஸில் போயிருக்கிறார்கள். சம்மாட்டியாருக்கு பஸ்ஸில் சத்தி வரும் (கடலில் வராது, பஸ்ஸில் வரும், இது பல கடற்றொழிலாளரிடம் நான் கண்டது). அதனால் புறப்படமுன் ஸ்டெமெட்டில் ஒன்று, வழியில் இன்னொன்று. இரவு நித்திரையில்லை. காலையில் ஒரு பிளேன்டீயோடு நேரே பரிசோதனைக் கட்டில்.

இதில் ஒவ்வொன்றும் கணக்கைக் கெடுக்கக்கூடியது. ஸ்டெமெட்டில், ஸ்டுஜெரோன் போன்ற தலைச்சுற்றுக் குளிசைகள் அந்தக் காது-கண் பாதையையே அமுக்கித்தான் சுகம் தருகின்றன. பரிசோதனை அளக்க வருவதும் அதே பாதை. சளிக்கும் அலர்ஜிக்கும் போடுகிற நித்திரை வரும் குளிசைகள், டயஸெபாம் வகைகள், மதுபானம் எல்லாம் இந்தக் கூட்டம்தான். வழக்கமாக 48 மணி நேரம் முன்னால் இவற்றை நிறுத்தச் சொல்வார்கள். பீட்டாஹிஸ்டீன் என்கிற குளிசை பற்றி நிபுணர்களிடையே ஒரே கருத்தில்லை, நிறுத்தச் சொல்கிற இடங்களும் உண்டு, தேவையில்லை என்கிற இடங்களும் உண்டு. இதை வாசித்துவிட்டு யாரும் பிரசர், சீனி, இருதயம், வலிப்பு ஆகியவற்றுக்குப் போடும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. நீண்ட நாளாக டயஸெபாம் வகை எடுப்பவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. எதை நிறுத்துவது என்று எழுதித் தந்த வைத்தியரிடமே கேட்க வேண்டும். நிறுத்த முடியாவிட்டால் என்னென்ன குளிசை உள்ளே இருந்தது என்று தாளிலேயே எழுதச் சொல்ல வேண்டும். நான் பார்த்த தாள்களில் அப்படி எழுதியிருந்தவை குறைவு.

அடுத்தது விழிப்பு. மனம் மந்தமானால் கண்ணின் துடிப்பு மறைந்துவிடும். அதற்காகத்தான் தண்ணீர் விடும்போது தொழில்நுட்பவியலாளர் ஓயாமல் கேள்வி கேட்பார்: நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், ஊர்ப் பெயர்களைச் சொல்லுங்கள். சிலர் இதைப் பொழுதுபோக்குப் பேச்சு என்று நினைத்துச் சிரித்துவிட்டு மௌனமாகிவிடுவார்கள். கேள்வி புரியாத மொழியில் இருந்தாலும் மௌனம்தான். சம்மாட்டியாரிடம் சிங்களத்தில் கேட்டிருக்கிறார்கள். அவருக்குப் பாதி விளங்கியது. விளங்காத பாதிக்குத் தலையாட்டினார், அதுவும் பரிசோதனையைக் கெடுக்கும். நமது மூத்த பெண்களிடம் நான் கண்ட இன்னொன்று: கேள்விக்குப் பதில் சொல்லக் கூச்சப்பட்டு மனனமான சூராவை ஓதத் தொடங்குவார்கள். ஓதல் நல்லதுதான். ஆனால் நன்றாக மனனமானது யோசனை இல்லாமல் ஓடும், மூளையைத் தட்டி எழுப்பாது. கூட்டல் கழித்தலோ, பேரப்பிள்ளைகளின் பெயரைக் கடைசியிலிருந்து சொல்வதோதான் அந்த இரண்டு நிமிடத்துக்கு உதவும்.

தண்ணீரின் சூட்டைப் பற்றி நம் நாட்டில் யாரும் பேசுவதில்லை. 30 பாகை என்பது இங்கிலாந்தில் எழுதிய குளிர். கூரை மேல் தாங்கியில் வெயிலேறிய நம் தண்ணீர் அதைவிடச் சூடாக இருக்கலாம். சூடாக்க மட்டும் தெரிந்த கருவி அதைக் குளிராக்காது. 33 பாகை நீர் காதுக்குள் போனால் உடல் சூட்டோடு வித்தியாசம் 7 அல்ல, 4. குளிர்ச் சுற்று இரண்டும் பாதியளவுக்குச் சுருங்கும். இரு பக்கமும் ஒரே அளவு சுருங்குவதால் வீதம் இதையும் காட்டிக்கொடுக்காது. நீண்ட குழாயில் வரும்போது நீரின் சூடு மாறும் என்பதால் தொட்டியில் அல்ல, குழாய் நுனியில்தான் அளக்க வேண்டும்.

காதுக் குழியில் குடுமி அடைத்திருந்தால் அந்தக் காதுக்குச் சூடு போய்ச் சேராது. அப்போது வீதம் ஏறி, நல்ல காது கெட்ட காதாகத் தெரியும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் தண்ணீர் விடவே கூடாது. காற்று விடும் கருவி இருந்தாலும் கவனம் வேண்டும். ஈரமான நடுக்காதில் சூடான காற்று பட்டால் ஈரம் ஆவியாகி முதலில் குளிர்ச்சியைத் தரும், கண் எதிர்ப்பக்கம் துடிக்கும். சிறு வயதிலிருந்து கடலில் மூழ்கியவர்களிடம் பழைய ஓட்டைகளும் தழும்புகளும் சாதாரணம். ஆகவே பரிசோதனைக்கு முன் யாராவது காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்களா என்பது முக்கியமான கேள்வி.

கமராவின் பக்கமும் உண்டு. அந்தக் கண்ணாடிக்குள் இருக்கும் அகச்சிவப்புக் கமரா கண்ணின் கறுப்பு வட்டத்தைத்தான் தேடும். சுர்மா இட்ட கண்ணில் இமையோரமும் கறுப்பு. கருவி பாவையை விட்டுவிட்டு இமையைப் பிடித்துக்கொள்ளும், கோடு கண்டபடி குதிக்கும். சுர்மா ஒரு கழுவலில் போகாது, ஆகவே இரண்டு நாள் முன்னாலேயே நிறுத்திவிடுவது நல்லது. மையும் அப்படித்தான். வயதால் இமை தொங்கினவர்களுக்கு இமையைத் தூக்கி ஒட்ட வேண்டி வரும். கண்ணாடிக்குள் ஒரு கீறல் வெளிச்சம் வந்தாலும் நோயாளி அதை உற்றுப் பார்ப்பார். உற்றுப் பார்க்கும் கண்ணில் துடிப்பு அடங்கிவிடும்.

நோன்பு காலத்தில் இந்தப் பரிசோதனையை வைக்காமல் இருப்பது எல்லாருக்கும் நல்லது. வெறும் வயிறும் நீர்ப்பற்றாக்குறையும் நித்திரைக் குறைவும் சேர்ந்தால் வாந்தி கூடும், விழிப்பு குறையும். காதுக்குள் நீர் விட்டால் நோன்பு முறியுமா என்ற கேள்வி வேறு எழும். நம் ஷாஃபிஈ நூல்களில் காதின் உட்பகுதிக்குப் போவது பற்றிக் கடுமையான கருத்து உண்டு. 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகடமி, தொண்டைக்கு வந்ததை விழுங்காத வரை காதுச் சொட்டும் காது கழுவலும் நோன்பை முறிக்காது என்றது. உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். முடிந்தால் ஷவ்வாலுக்குத் திகதி மாற்றிக்கொள்ளுங்கள், அவசரப் பரிசோதனை அல்ல இது.

சம்மாட்டியாருக்கு வருவோம். இரண்டாம் முறை வேறோர் இடத்தில் செய்வித்தோம். முதல் நாளே போய்த் தங்கினோம். ஸ்டெமெட்டில் இல்லை, பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் இருந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். காது பார்க்கப்பட்டது, சுத்தம். தண்ணீர் விடும்போது பக்கத்தில் நின்று நான் தமிழில் கேட்டேன்: வலையில் வரும் மீன் எல்லாம் சொல்லுங்கோ, ஆனால் ‘ப’வில் தொடங்குவதைச் சொல்லக் கூடாது. விளை, ஒட்டி, சூடை, அறக்குளா, சீலா, திருக்கை என்று போய்க்கொண்டே இருந்தார். ஒரு தடவை பாரை என்று சொல்லிவிட்டுத் தானே நாக்கைக் கடித்துக்கொண்டார். அவ்வளவு விழிப்பு. எண்கள் உயரவில்லை.

அதோடு நிற்காமல் தலைத்திருப்பல் பரிசோதனையும் செய்தார்கள். வீஹிட் என்று சொல்வார்கள். எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி, பின்னால் நிற்பவர் தலையைச் சட்டென்று சிறிது திருப்புவார். காது நல்லதென்றால் கண் புள்ளியிலேயே நிற்கும். கெட்டதென்றால் கண் தலையோடு இழுபட்டுப் போய்ப் பிறகு பாய்ந்து திரும்பும். இந்த அடையாளத்தை 1988இல் ஹல்மாகி, கர்தோய்ஸ் என்ற சிட்னி ஆய்வாளர் இருவர் எழுதினார்கள். கமராக் கண்ணாடி பிற்பாடு வந்தது. தண்ணீர்ப் பரிசோதனை நிஜ வாழ்வில் இல்லாத அளவுக்கு மிக மெதுவான ஓர் அசைவைப் போலி செய்கிறது. இது நடக்கும்போதும் திரும்பும்போதும் ஏற்படுகிற வேகத்தை அளக்கிறது. அதனால் இரண்டும் ஒத்துப்போகாமல் இருப்பது உண்டு. மெனியர் நோயில் தண்ணீர் முடிவு பலவீனமாகவும் தலைத்திருப்பல் முடிவு நல்லதாகவும் வருவது அடிக்கடி காண்பது. கருவி கெட்டதென்று நினைக்கத் தேவையில்லை.

வீஹிட்டுக்கும் தன் குறைகள் உண்டு. கண்ணாடி முகத்தில் இம்மியும் அசையக் கூடாது. முக்காட்டின் மேல் பட்டியைப் போட்டால் துணி வழுக்கும், கண்ணாடி தலையோடு ஆடும், அந்த ஆட்டத்தைக் கண்ணின் அசைவென்று கருவி கணக்கெடுக்கும். கெட்ட காது நல்லதாகத் தெரிவதற்கு இது ஒரு சுலபமான வழி. பெண்கள் இதை முன்கூட்டிச் சொல்லிப் பெண் ஊழியரையும் மூடிய அறையையும் கேட்டு, பட்டியை முடியின் மேலேயே இறுக்கிப் போடுவிக்கலாம், அல்லது மெல்லிய இறுக்கமான உள்தொப்பியாவது அணியலாம். கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை. திருப்புகிறவரின் கை பட்டியில் முட்டினாலும், திருப்பல் மெதுவாக இருந்தாலும், எந்தப் பக்கம் வரும் என்று நோயாளி ஊகித்துவிட்டாலும், கழுத்து வலியால் விறைத்துக்கொண்டாலும் முடிவு கெடும். ஒன்றிரண்டு திருப்பலை வைத்து முடிவெழுதக் கூடாது, ஒவ்வொரு பக்கமும் பல நல்ல பதிவுகள் வேண்டும். வெம்ப் என்ற மூன்றாவது பரிசோதனை சத்தத்தால் கழுத்துத் தசையில் வரும் பதிலை அளக்கிறது. நடுக்காதில் கோளாறு இருந்தால் சத்தம் போய்ச் சேராது, தசையை இறுக்காவிட்டால் பதில் வராது, அறுபதைக் கடந்தவர்களில் பலருக்கு இயல்பாகவே குறைந்துவிடும். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

சம்மாட்டியாருக்கு வீஹிட்டிலும் இரு பக்கமும் கண் இழுபட்டுப் போய்ப் பாய்ந்து திரும்பியது. ஆகவே முதல் தாளின் தாழ்ந்த எண்கள் ஸ்டெமெட்டிலால் மட்டும் வந்தவை அல்ல. அந்த எண்களை வாசித்த ‘நோர்மல்’தான் பிழை.

ஏன் போனது? இளம் வயதில் அவருக்குக் கசம் இருந்தது. காசநோய் வைத்தியசாலை ஒன்று இருந்த ஊர் மயிலிட்டி. அந்த நோயின் பயம் அந்த ஊராருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இவருக்கு ஊசி போட்டது அங்கே அல்ல, தொழிலுக்குப் போயிருந்த வேறு ஊரில். நாள்தோறும் பல வாரம் ஊசி போட்டதாக நினைவு வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் கசத்துக்கு அப்படிப் போட்ட ஊசி பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோமைசின். 1943இல் அமெரிக்காவில் வாக்ஸ்மனின் ஆய்வுகூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் கண்டெடுத்த மருந்து. கசத்தைக் கொன்ற முதல் மருந்து அதுதான், கோடிக்கணக்கான உயிரைக் காப்பாற்றியது. ஆனால் உட்காதின் சமநிலை உயிரணுக்களையும் சிலரில் கொன்றது. போனவை திரும்ப முளைப்பதில்லை. கேள்வி பெரும்பாலும் தப்பிவிடும், இரு காதும் ஒன்றாகப் பாதிக்கப்படுவதால் சுற்றலும் வராது. அதனால்தான் ஆட்கள் காதைச் சந்தேகிப்பதேயில்லை. 1952இல் ஓர் அமெரிக்க வைத்தியர், தனக்கே இந்த மருந்தால் நேர்ந்ததை ஜே.சி. என்ற எழுத்துகளோடு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார். படுக்கையில் வாசிக்கும்போது தன் நாடித் துடிப்பின் அசைவே எழுத்துகளைக் குதிக்க வைத்ததால் கட்டிலின் கம்பிகளுக்கிடையில் தலையை அமுக்கி வைத்துக்கொண்டாராம்.

இவ்வளவு காலம் சம்மாட்டியார் எப்படிச் சமாளித்தார் என்று கேட்கலாம். காது போனாலும் கண்ணும் பாதமும் அந்த வேலையைப் பகிர்ந்து கொண்டன. பிறகு சீனி வருத்தம் வந்து பாதத்தின் உணர்ச்சியைக் குறைத்தது, கண்ணில் வெள்ளை படர்ந்தது. மூன்றில் ஒன்று முன்பே இல்லை, மற்ற இரண்டும் மங்கியபோதுதான் பள்ளம் வெளியில் தெரிந்தது.

வைத்தியர் அவருக்குக் கண்ணில் ஒப்பரேஷன் செய்வித்தார், தலைச்சுற்றுக் குளிசைகளை அறவே நிறுத்தச் சொன்னார் (அவை மிஞ்சியிருக்கிற கொஞ்சத்தையும் அமுக்கும்), தலையசைத்தபடி புள்ளியைப் பார்க்கும் பயிற்சிகளைக் கொடுத்தார். வாசலிலும் கிணற்றடியிலும் லைட் போட்டாயிற்று. எல்லாவற்றிலும் முக்கியமாக அவர் சொன்னது கடலைப் பற்றி. இந்த இழப்பு உள்ளவர் இருட்டில் நீருக்குள் மூழ்கினால் மேல் எது, கீழ் எது என்று உடல் சொல்லாது. மேலே வருவதாக நினைத்துக் கீழே நீந்துவார். நீச்சல் தெரிந்தவருக்கும் இதே நிலைதான். ‘நோர்மல்’ என்ற அந்த முதல் தாளை நம்பிக்கொண்டு அவர் அந்தச் சோளகத்தில் இரவுத் தொழிலுக்குத் தனியே போய்க்கொண்டிருந்தார்.

இன்னொரு வகையிலும் நோர்மல் தாள் ஏமாற்றும். சுஜூதுக்குப் போகும்போதோ படுக்கையில் புரளும்போதோ அரை நிமிடம் உலகம் சுழன்று நின்றுவிடுகிறது என்று பலர் சொல்வார்கள். அது பெரும்பாலும் அந்தச் சுண்ணாம்புத் துகள்கள் இடம்பெயர்ந்து குழாய்க்குள் விழுந்தது. அவர்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனை முழுக்க நோர்மலாகவே வரலாம். 1952இல் டிக்ஸ், ஹால்பைக் இருவரும் எழுதிய படுக்க வைக்கும் பரிசோதனையைத்தான் செய்ய வேண்டும், அதுவும் தொடர்ந்து செய்தால் துடிப்பு களைத்து மறைந்துவிடும் என்பதால் ஒரு நாள் காணாவிட்டால் வேறொரு நாள் செய்ய வேண்டும். இதைத் தலையைச் சில நிலைகளில் திருப்பி வைத்தே குணமாக்கலாம். தெரிந்த வைத்தியரிடம் போனால் சில நிமிட வேலை. மெனியர் நோயாளிக்கோ தாக்கம் வந்த நாளில் ஒரு முடிவும் சுகமாக இருக்கும் மாதத்தில் இன்னொரு முடிவும் வரும். எந்த நாளில் செய்தது என்பதும் தாளில் வாசிக்க வேண்டிய ஒன்று.

காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினை இப்போது வழக்கமாகப் போடுவதில்லை; அது சேர்ந்த மறுசிகிச்சை முறையை இனிக் கொடுக்க வேண்டாமென்று 2017இல் உலகச் சுகாதார அமைப்பு சொல்லிவிட்டது. ஆனால் அதே குடும்பத்து ஜென்டாமைசின் கடுமையான தொற்றுகளுக்கு இன்றும் ஆஸ்பத்திரிகளில் போடப்படுகிறது. சமநிலையை அதுவும் அதே விதமாகக் கெடுக்கக்கூடியது, சிறுநீரகம் பலவீனமானவர்களில் இன்னும் சுலபமாக. உயிர் காக்கும் மருந்தை வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஊசி ஏறும் நாட்களில் கட்டிலை விட்டு எழுந்து கழிவறைக்கு நடக்கும்போது சுவர் துள்ளுகிறது என்று நோயாளி சொன்னால் களைப்பு என்று தள்ளிவிடாமல் அன்றைக்கே வார்ட்டு வைத்தியரிடம் சொல்லுங்கள். ஊசியின் பெயர், எத்தனை நாள் என்ற விபரங்களை டிக்கட்டில் எழுதி வாங்கி வீட்டில் வையுங்கள். நாற்பது வருடம் கழித்து ஒருவருக்கு அது தேவைப்படலாம். சம்மாட்டியாரின் பழைய டிக்கட் 1990இல் மயிலிட்டி வீட்டோடு போய்விட்டது.